இரண்டு பிடி வைத்த கித்தான் பை

இன்று காலை கடையைத் திறந்தபோது உன் பை மறுபடியும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நேற்று சாயங்காலம் கடை கட்டும்போது சுவரைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் போனேன். பூட்டு சுவர்ப்பக்கம், முதுகு என் பக்கம். அப்படி வைத்ததை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இழுத்தேன். காலையில் ஷட்டர் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது பித்தளைப் பூட்டு. அப்புறம் வாசம் வந்தது. கித்தானும் பழைய தோலும் கலந்த வாசம், அதற்கு அடியில் நீ பூசும் பவுடர்.

"ஏண்டி, காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டேன். பயந்தால் அதட்டுவேன் நான், உனக்குத் தெரியும். குரல் என்னவோ கடைக்காரி குரலாகத்தான் வந்தது. ஆனால் விளக்கைப் போட்ட பிறகுதான் உள்ளே காலை வைத்தேன்.

இன்று மத்தியானம் நான் பினாங்கிலிருந்து ஃபெரி ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். சிம்பாங் அம்பாட்டுக்கு வரச் சொல்லி போலீசிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் உனக்கு எழுதிவிடுகிறேன். இருபத்தேழு வருடமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அந்தத் திட்டெல்லாம் யாருக்குச் சேர வேண்டியது என்று தெரிந்து இரண்டு மாதந்தான் ஆகிறது.

கடை அப்படியேதான் இருக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து திரும்பும் அதே சந்து, கடைகளுக்கு முன்னால் தூண் வைத்த அதே ஐந்தடி நடைபாதை, மேல் தட்டுக்கு ஏறும் அதே மர ஏணி. முதலாளி போன பிறகு அவர் பிள்ளைகளுக்குக் கடையில் நாட்டமில்லை, நான் எடுத்து நடத்துகிறேன். முன்பக்கம் பை விற்கிறோம். நடுவில் பூட்டு, ஜிப்பு, பிடி மாற்றிக் கொடுக்கிறோம். பின்னறையில் ஆட்கள் விட்டுவிட்டுப் போகும் பைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இப்போது இளசுகள் போனில் ஏதோ தட்டி, படம் காட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். நம் காலத்தில் பாதித்துணி.

முதலாளியின் அப்பா காலத்திலேயே வந்த வழக்கம் அது. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், கப்பலுக்குக் காத்திருந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், எல்லாருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்து ஆகாது. பை வைக்க வருகிறவர் உடுத்தியிருக்கும் துணியிலிருந்தே ஒரு விரல் அகலத்துக்கு ஓரத்தைக் கிழிப்பது. அதைக் குறுக்கே இரண்டாகக் கிழிப்பது. ஒரு பாதியைப் பையின் பிடியில் கட்டுவது, மற்றப் பாதியை அவர் கையில் கொடுப்பது. எத்தனை வருடம் கழித்து வந்தாலும், தம்பியை அனுப்பினாலும் மகனை அனுப்பினாலும், பாதித்துணி பொருந்தினால் பை கொடுபடும். கொண்டுவந்த பாதியை வாங்கி நாம் பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவோம். முதலாளி சொல்வார், "மொகத்தப் பாக்காதீங்கம்மா. மொகம் மாறிடும். துணியப் பாருங்க." அவர் சொல்லில் ஒரு தடவையும் பிசகு வந்ததில்லை, அந்த ஒரு தடவையைத் தவிர.

நான் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து நீ வந்தாய். இரண்டு பேருக்கும் ஒரே வயது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ், அப்புறம் ஃபெரி, அப்புறம் நடை. வந்து சேரும்போதே கைப்பையிலிருந்து வெண்டைக்காயை எடுத்து மேசையில் போடுவாய். வீட்டுக்குப் பின்னால் நீயே போட்ட பாத்தியில் காய்த்தது. "பரமேசு, இன்னிக்கி முத்தல் இல்ல, பாத்துக்க" என்பாய். வாரத்தில் நான்கு நாள் என் வீட்டில் உன் வெண்டைக்காய்தான்.

உனக்கு வாய் சும்மா இருக்காது. வாடிக்கையாளர் வராத வேளையில் மேல் தட்டில் முதலாளி வைத்திருந்த பழைய சாமானையெல்லாம் இறக்கித் துடைப்பாய். கேட்பாரற்றுப் போன பைகள், பெட்டிகள். துடைத்துக்கொண்டே பாடம் எடுப்பாய். மொதல்ல துணி மூட்டை. அப்புறம் மூடி வச்ச பிரம்புப் பெட்டி. கப்பல் ஏறின சனம் கொண்டாந்தது தகரப் பெட்டி, டிரங்குப் பெட்டின்னும் சொல்லுவாங்க. படுக்கையச் சுருட்டி வார் போட்டுக் கட்டினா அது ஹோல்டால். தொரைமாருங்க கையில தோல் பெட்டி. அப்புறந்தான் சூட்கேசு.

"முன்னெல்லாம் எதுல செஞ்சதோ அதுதான் பேரு" என்றாய் ஒருநாள். "தகரப் பெட்டி, தோல் பெட்டி, கித்தான் பை. இப்ப இருபது இஞ்சி, இருபத்தெட்டு இஞ்சின்னு அளவுதான் பேரு. எதுல செஞ்சதுன்னு கேட்டா செஞ்சவனுக்கே தெரியாது லா."

மலாய்க்கார அம்மா ஒருவர் தகரப் பெட்டியைக் காட்டிப் 'பெத்தி' என்று கேட்டபோது உனக்கு அப்படி ஒரு பெருமை. "பாத்தியா, நம்ம பெட்டி அவங்க வாயிலயும் பூந்துருச்சு. நாமதான் அதப் போட்டுட்டு பேக்கு பேக்குன்னு அலையிறோம்."

சக்கரம் வைத்த பை வந்த புதிதில் ஆளாளுக்கு இழுத்துப் பார்த்தார்கள். உனக்கு மட்டும் பிடிக்கவில்லை. "கனம் தெரியாம ஒரு சாமான எப்பிடிக் கொண்டுபோறது? தூக்கிப் பாக்கணும். முடியலன்னா எதையாச்சும் எடுத்து வச்சிட்டுப் போவணும்" என்றாய்.

ஆனால் நீ அதிகம் பேசியது பிடியைப் பற்றித்தான். தகரப் பெட்டியின் இரண்டு பக்கமும் இருந்த வளையங்களைத் தூக்கிக் காட்டினாய். "இதத் தூக்க ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் வரமாட்டேன்னா பெட்டி வீட்டுலயே கெடக்கும். பிடிய மேல வச்சு தச்சான் பாரு, அப்பதாண்டி ஒரு மனுஷி தனியா கெளம்ப முடிஞ்சிருக்கு." நான் சிரித்தேன். "ஆமா, பெரிய ஆராய்ச்சி. முதலாளிகிட்ட சொல்லு, டாக்டர் பட்டம் குடுப்பாரு" என்றேன். இதையெல்லாம் நீ ஏன் யோசிக்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை.

நமக்குப் பிடித்தது கித்தான் பைதான். நல்ல தடித்த காக்கிக் கித்தான், அடியில் தோல், வாய் அகலமாகத் திறக்கும், மேலே இரண்டு தோல் பிடிகள். "ஒருத்தரும் தூக்கலாம், ரெண்டு பேரும் தூக்கலாம். அதான் இது ஒசத்தி" என்பாய். வயதானவர்கள் வாங்கினால் நாமே படகுத்துறை வரை கொண்டுபோய்க் கொடுப்போம். ஆளுக்கொரு பிடி. பை நடுவில் தொங்கும். உனக்கு வலது கை, எனக்கு இடது கை. ஒரே காலை ஒன்றாக எடுத்து வைக்காவிட்டால் பை முழங்காலில் இடிக்கும். அதனால் கடைவாசலிலேயே நீ குரல் கொடுப்பாய்: "நீ ஒண்ணு புடி, நான் ஒண்ணு புடிக்கிறேன். ம், வலது!" தூணுக்குத் தூண் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள். ஒரு பிடியை மட்டும் தூக்கினால் மற்றது சரிந்து பக்கவாட்டில் தொங்கும். அது தொங்கிக்கொண்டு வருவது உனக்குப் பார்க்கவே ஆகாது. "பாவமா இருக்குடி" என்பாய்.

அப்படி ஒரு பையைத்தான் உனக்கென்று எடுத்துப் பின்னறையில் வைத்தாய். நாம் கடைசியாகச் சேர்ந்து வேலை பார்த்த வருடம், மழைக்காலம். சமயம் பார்த்து ஒவ்வொரு சாமான். சோறு கொண்டுவரும் அடுக்குச்சட்டிக்கு அடியில் மடித்து வைத்து ஒரு புடவை கொண்டுவருவாய். மறுநாள் இரண்டு ரவிக்கை. இன்னொரு நாள் பள்ளிக்கூட சர்டிபிகேட். ஒருநாள் பாஸ்போர்ட். நீயும் நானும் அதைத் திறந்து உன் போட்டோவைப் பார்த்துச் சிரித்தோம். கடைசியாக ஒரு வெள்ளைத் துண்டு. மூன்று மாதத்தில் பை நிறைந்தது.

எனக்குத் தெரியாது என்று இப்போது எழுதினால் அது பொய். உன் முழங்கைக்கு மேலே நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். மேலே பவுடர் அப்பியிருந்தாய். கேட்டதற்கு, "கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்றாய். "ஒங்க வீட்டுல கதவு ரொம்ப லா" என்றேன் நான். என் நாக்கு அப்படி. நீ சிரிக்க ஆரம்பித்தாய், பாதியில் நின்றுவிட்டது. கைப்பையிலிருந்து பவுடரை எடுத்து மறுபடி ஒற்றிக்கொண்டே, "ஜோகூர்ல பேக்டரி வேல கெடச்சிருக்கு, ரூமும் இருக்கு. வெள்ளிக்கெழம சாயங்கால ரயிலு. வேல முடிஞ்சு நேரா போயிடுவேன். அவருக்குத் தெரியாது" என்றாய். அவர் என்றால் உன் வீட்டுக்காரர். துறைமுகத்தில் வேலை, ஊரில் நல்ல பேர், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பவர்.

அன்றைக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நீ பையைப் பூட்டிவிட்டு அப்படியே எழுந்தாய். நான் விளையாட்டாக வழிமறித்தேன். "பாதித்துணி எங்க? கடை ஆளுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றேன். "அட போடி, எம் பேக்க நான் எடுக்கத் துணி எதுக்கு?" என்றாய். நான் விடவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன். நீ போட்டிருந்த பச்சை நைலான் துப்பட்டாவின் ஓரத்தைக் கத்தரித்து இழுத்தாய். சர்ரென்று நீளமாகக் கிழிந்தது. "நைலான், மக்கிப்போவாது, நூறு வருசம் கழிச்சு வந்தாலும் பேக்கு எனக்குத்தான்" என்று சொல்லி ஒரு பாதியைப் பிடியில் கட்டினாய். மற்றதைத் துப்பட்டாவின் முனையில் முடிந்துகொண்டாய். நான் பயணத்துக்கென்று ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, பூட்டை மறுபடி திறக்க வைத்து, துணிகளுக்கு மேலே வைத்தேன். அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை நீ வரவில்லை. பதினொரு மணி இருக்கும், உன் வீட்டுக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, ஈரம் காயாத தலை, நெற்றியில் திருநீறு. கைகள் கழுவிக் கழுவி வெளுத்த மாதிரி இருந்தன. "அவ ஃபெரிக்கிட்ட நிக்கிறாம்மா. பேக்க எடுத்தாரச் சொன்னா. ரெண்டு பேருமா ஊருக்குப் போறோம்" என்றார். பேசிக்கொண்டே பச்சைத் துணியை மேசைமேல் வைத்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். துணியைப் பார்த்தேன். பின்னறைக்குப் போய்ப் பிடியில் கட்டியிருந்த பாதியோடு வைத்துப் பார்த்தேன். நூலுக்கு நூல் பொருந்தியது. சமாதானமாகிவிட்டார்கள் போல, நமக்கென்ன என்று நினைத்தேன். இல்லை, அதுகூட இல்லை. அந்த மனுஷனிடம் எதிர்த்துக் கேட்கப் பயமாக இருந்தது. சட்டம் இருக்கிறதே என்று அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். "அவளுக்கு ஒடம்பு சொகந்தானே?" என்று மட்டும் கேட்டேன். "இப்ப ஒண்ணும் வலி இல்ல" என்றார்.

பையை நானே தூக்கிக் கொடுத்தேன். அவர் ஒரு பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார். மற்றது பக்கவாட்டில் தொங்கி ஆடிக்கொண்டே போனது. உனக்குப் பார்க்க ஆகாதே என்று நினைத்தேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் நீ இல்லை. கடுதாசி இல்லை, போன் இல்லை. இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நீ யாருடனோ போய்விட்டதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உன் அண்ணன் தைப்பிங்கிலிருந்து வந்து கடைவாசலில் நின்று கேட்டார். "பேக்கும் போயிருச்சுண்ணே. மூணு மாசமா அடுக்கினா. போயிட்டா" என்றேன். என் வாயால் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார், திரும்பத் தேடி வரவில்லை. நான் உன்மேல் கோபப்பட்டேன். நன்றி கெட்டவள், ஒரு வரி எழுத முடியவில்லையா, இத்தனை வெண்டைக்காய் தின்றோமே என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் திட்டினேன். கோபம் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பெண் காடியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி இறங்கினாள். முப்பது வயதிருக்கும், பேர் சாந்தி, உன் வீட்டுக்காரரின் தம்பி மகள். அவள் பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டாராம், வீட்டை விற்கப் போகிறார்களாம். "ஆன்ட்டி, பழைய பேக்கெல்லாம் எடுப்பீங்களா? பெரியப்பா கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. ஒருத்தரையும் தொட விடமாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே மேசைமேல் வைத்தாள்.

பையை என் பக்கம் இழுத்துத் திருப்பினேன். காக்கிக் கித்தான். இரண்டு தோல் பிடி. ஒரு பிடியில் பச்சை நைலான், முடிச்சு நீ போட்ட முடிச்சு. பூட்டில் துரு இல்லை. நம் கடைப் பூட்டு, அடியில் நம்பர் இருந்தது. கொத்திலிருந்து அதே நம்பர் சாவியைத் தேடி எடுத்துத் திறந்தேன்.

எல்லாம் அப்படியே இருந்தது. புடவை, ரவிக்கை, சர்டிபிகேட், ஜோகூருக்கு எடுத்த டிக்கெட். நான் வைத்த எலுமிச்சை கறுத்து, கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒருத்தரும் இதைத் திறக்கவே இல்லை. அடியில் பாஸ்போர்ட். நீ எந்த இந்தியாவுக்குப் போனாய், இதை இங்கே விட்டுவிட்டு? அப்போதுதான் எனக்கு விளங்கியது. பையும் போயிருந்தால்தான் நீ போனதாக ஊர் நம்பும். அதற்குத்தான் அந்த ஆள் பை இருக்கும் இடத்தை உன் வாயிலிருந்தே பிடுங்கி, உன் துப்பட்டா முடிச்சை அவிழ்த்துத் துணியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குத்தான் நான் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் அந்த வெள்ளைத் துண்டை எடுத்தேன். மற்ற துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்திருக்க, துண்டு மட்டும் ஈரமாக இருந்தது. பினாங்கு ஈரக்காற்று என்று சொல்லிக்கொண்டேன். பிழிந்தால் சொட்டும் ஈரம். மண்வாசம் அடித்தது.

சாந்திக்கு ஒன்றும் தெரியாது. அவள் சும்மா பேசிக்கொண்டிருந்தாள். "பெரியம்மா ஓடிப்போன கையோட பெரியப்பா வீட்டுக்குப் பின்னாடி முழுக்க சிமெண்டு போட்டாராம் ஆன்ட்டி. அங்க பெரியம்மா வெண்டிக்கா போட்டிருந்தாங்களாம். அத ஏன் அழிச்சாரோன்னு அப்பா எப்பவும் சொல்லுவாரு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பையைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டி கீழே விழுந்தது. மறுநாள் காலை இரண்டு பேருமாகப் போய்ப் போலீசில் ரிப்போர்ட் போட்டோம்.

அங்கே இருந்த அதிகாரி நம் தமிழ்ப் பெண்தான், நிதானமாகக் கேட்டாள். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டாள். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டாள். "பேக்க நீங்களே பத்திரமா வச்சிருங்க ஆன்ட்டி, கேக்கும்போது கொண்டாங்க. யாருகிட்டயும் குடுத்துறாதீங்க" என்றாள். கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவளுக்கு அது தெரியாது.

அன்றிலிருந்து உன் பையும் நானும்தான் கடையில். என்ன பாடு படுத்துகிறாய்! பின்னறையில் வைத்தால் முன்னறையில் உன் பவுடர் வாசம். துண்டை வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்தால் மறுநாள் மறுபடி ஈரம். சுவரைப் பார்க்க வைத்தால் வாசலைப் பார்க்கிறது. முதல் வாரம் நான்தான் மறந்து மாற்றி வைத்தேன் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் தரையில் சாக்பீசால் கோடு போட்டு வைத்தேன். காலையில் கோடு இருந்த இடத்தில் இருந்தது, பை மட்டும் திரும்பியிருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து வந்ததும் வணக்கம் சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஓர் அம்மா பேரனுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க வந்தார். உன் பை இருந்த பக்கம் போனவர், "சாரிமா" என்று சொல்லி ஒதுங்கி வழிவிட்டார். அங்கே யாரும் இல்லை. "ஒங்க ஆளு ஏன் தலைய தொவட்டாம நிக்கிறாங்க? சளி பிடிச்சுக்கும்" என்றார் என்னிடம். நான் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொடுத்து அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் இல்லை. மழையில் நனைந்து நீ வரும் நாட்களில் நான்தான் தலையைத் துவட்டிவிடுவேன்.

நேற்று காலை போன் வந்தது. அதே அதிகாரி. குரலை இறக்கிப் பேசினாள். "ஆன்ட்டி, சிமெண்ட ஒடச்சுட்டாங்க. கெடச்சிருக்கு." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "துணி ஒண்ணு மட்டும் மக்காம இருக்கு. பச்ச நைலான். ஒரு ஓரம் நீளமா கிழிச்சிருக்கு. நீங்க சொன்ன அந்தத் துணிய எடுத்துட்டு வந்தீங்கன்னா சேத்துப் பாக்கலாம். பேக்கையும் கொண்டாங்க."

பிஸ்கட் டின்னைத் திறந்தேன். எத்தனையோ பேரின் பாதித்துணிகள், சாயம் போனதும் போகாததுமாக. உன்னுடையது மேலாகவே கிடந்தது. அதை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். நேற்று முழுக்க அந்த இடம் குளுகுளுவென்று இருந்தது.

இன்று பத்து மணிக்கே கடையைச் சாத்தினேன். சாந்தி, "நான் காடியில வந்து பாலத்து வழியா கூட்டிட்டுப் போறேன் ஆன்ட்டி" என்றாள். வேண்டாமென்றேன். நீ போக நினைத்த வழி ஃபெரி வழி. இந்தப் பையை ஒரு தடவை முகத்தைப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்தவள் நான். இந்தத் தடவை என் கையாலேயே கொண்டுவந்து, உன் துப்பட்டாவோடு துணியைச் சேர்த்துப் பார்த்து, உன் பக்கத்தில் வைப்பேன். நூறு வருடம் கழித்து வந்தாலும் உனக்குத்தான் என்று நீ சொன்னாயே.

ஆனால் தூக்கவே முடியவில்லையடி. இரண்டு மாதமாக இங்கே அங்கே என்று மாற்றி வைத்த பைதான், இன்று கல்லாகக் கனத்தது. எனக்கும் வயதாகிவிட்டது, இடது தோளில் வலி. ஒரு பிடியைப் பிடித்து நான்கு எட்டு வைப்பேன், இறக்கி வைப்பேன். பூக்கடைக்காரர், "அக்கா, நான் தூக்கியாறட்டா?" என்று கேட்டார். யார் கையிலும் கொடுப்பதாக இல்லை நான். மூன்றாவது தூண் வந்ததும் மூச்சு வாங்கியது. மற்றப் பிடி சரிந்து, அன்றைக்கு அந்த ஆள் கையில் தொங்கின மாதிரியே தொங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. நடைபாதை என்றும் பார்க்காமல், ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல், நம் பழைய வார்த்தையைச் சத்தமாகச் சொன்னேன்.

"நான் ஒண்ணு புடிச்சிருக்கேன். நீ ஒண்ணு புடி. என்ன மன்னிச்சிருடி. ம், வலது!"

வலது காலை எடுத்து வைத்தேன். பை எழுந்து கூடவே வந்தது. முழங்காலில் இடிக்கவில்லை. பூக்கடைக்காரர் இரண்டு பேருக்கு வழிவிடுகிற மாதிரி சுவரோரம் ஒட்டி நின்றார். எதிரே வந்தவர்கள் எல்லாம் அப்படியே அகன்று விலகினார்கள். வெயிலில் படகுத்துறை வரை ஒரே மூச்சில் வந்துவிட்டேன். நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே இல்லை, தைரியம் வரவில்லை. குனிந்து பையை மட்டும் பார்த்தேன். மற்றப் பிடி தொங்கவில்லை. என் கையிலிருந்த பிடிக்குச் சரிசமமாக, விறைப்பாக நின்றது. அதில் கட்டியிருந்த பச்சைத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக விழுந்தது.

காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதி முடிக்கிறேன். என் இடது உள்ளங்கையில் தோல் பிடியின் தடம் சிவப்பாக இருக்கிறது. இருபத்தேழு வருடம் நான் தூக்காமல் விட்ட பாரத்தில் என் பாதி இது. இதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை. பை நமக்கு நடுவில் இருக்கிறது, பெஞ்சின் அந்தப் பக்கம் பலகை நனைந்திருக்கிறது.

ஃபெரி வந்துவிட்டது. எழுந்திரு. உன் பக்கத்தைப் புடி.